கை நனைத்துக் காட்டியவர்

பூச்சிமருந்துக் கம்பெனியின் விற்பனையாளரை எல்லோரும் டெமோக்காரர் என்றே அழைத்தார்கள். விவசாயிகளைக் கூட்டி, மருந்தை வாளியில் கொட்டி, முழங்கை வரை கையை விட்டு அலசுவார். "பாத்தீங்களா? பச்சைக்குழந்தை மாதிரி, ஒண்ணும் பண்ணாது!" அவர் பாட்டிலில் இருந்தது தண்ணீர் கலந்த பால். அது மனைவிக்கு மட்டும் தெரியும். ஊற்றிக் கொடுப்பவளே அவள்தான்.

அன்று முன்வரிசையிலிருந்த விவசாயி ஒருத்தி எழுந்தாள். "அண்ணே, இது நான் இப்பத்தான் கடையில வாங்கினது. இதுல காட்டுங்களேன்."

கூட்டம் கைதட்டியது. மேடையில் கம்பெனி மேலாளர் வேறு பெருமையோடு தலையாட்டினார். டெமோக்காரருக்கு வேறு வழியில்லை. அதை வாளியில் கொட்டிக் கையை விட்டார். வியர்த்த முகத்தை அதே கையால் துடைத்தும் கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் வாயில் எச்சில் வழிந்தது, மூச்சு இரைத்தது. மனைவி அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. நாடி நின்று நின்று நடந்தது.

"எந்த மருந்து பட்டுச்சு?"

"பித்தம் டாக்டர்," என்றார் டெமோக்காரர். அந்த நிலையிலும் கம்பெனி விசுவாசம்.

"பித்தமாவது, ஒண்ணாவது! பூச்சிமருந்துல கையை முக்கிட்டு வந்திருக்காரு!" என்றாள் மனைவி.

துணியை உருவிப் போட்டு, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார்கள். விஷமுறிவுக்கு அட்ரோபின் ஊசிமேல் ஊசியாக ஏறியது. நாடி நிமிர்ந்தது. அப்பாடா என்று மனைவி உட்காரப் போகும்போது மானிட்டரில் கோடு முறுக்கிக்கொண்டு துள்ளியது. நெஞ்சில் மின்சாரம் வைத்து, மெக்னீசியம் ஏற்றி, தாளம் தப்பிய இதயத்தை வழிக்குக் கொண்டுவந்தார்கள். மனைவி பால் ஊற்றிய கையால் சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

மறுநாள் மேலாளர் ஆப்பிளோடு வந்தார். "பிறவியிலேயே வீக்கான இதயம்னு வச்சுக்கலாமா டாக்டர்?"

"உங்க மருந்து படற வரைக்கும் அது நல்லாத்தான் இருந்துச்சு."

அப்போது டெமோக்காரர் எழுந்து உட்கார்ந்து காற்றில் எதையோ பிடித்தார். "தொடாதீங்க! கையுறை போடுங்க! மூக்கை மூடுங்க! அது விஷம்யா, விஷம்!"

வார்டே வாயைப் பிளந்து கேட்டது. அவர் டெமோக்களைப் பார்த்திருந்த பக்கத்துக் கட்டில்காரரின் தம்பி, "இவரு இவ்வளவு தெளிவா பேசி நான் பாத்ததே இல்ல," என்றான்.

"ஊசி கொஞ்சம் அதிகமானா இப்படித்தான் உளறுவாங்க. குறைச்சா சரியாயிடும்," என்றார் டாக்டரம்மா.

மேலாளர் நெற்றியைத் துடைத்தார். "சரியானதும் பழையபடி பேசுவாரில்ல?"

டெமோக்காரர் பிழைத்தார், பழையபடி பேசவில்லை. இதயத்துடிப்பைப் பார்க்க அவ்வப்போது ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறார். இப்போது மைத்துனரின் மெத்தைக் கடையில் வேலை. அங்கேயும் செய்து காட்டத்தான் வேண்டும்: வாடிக்கையாளர் வந்தால் படுத்துக் காட்டுகிறார். சில நேரம் குறட்டையும் வருகிறது. வியாபாரம் பரவாயில்லை என்கிறார் மைத்துனர்.