பாதி முகத்துக்கு ஏற்ற நேரம்

வீட்டுத் தரகர் உள்ளே வந்த தோரணையே சலூன்காரருக்கு எரிச்சலைக் கிளப்பியது. கடையையே விலை பேச வந்தவர் மாதிரி சுவரையும் கூரையையும் ஒரு பார்வை. அப்புறம்தான் நாற்காலியில் சாய்ந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே நாற்காலியில் சாய்ந்துகொண்டுதான், "இப்ப வாங்காதீங்க, விலை எறங்கும்" என்று அடித்துச் சொன்னார். சலூன்காரர் நம்பித் தொலைத்தார். விலை ஏறியது. அதற்குள் இரண்டு வாடகை வீடு மாறியாயிற்று. இப்போது இருப்பதையும் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். மனைவி பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. அவள் ஒன்றும் சொல்லாததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

தரகர் போன வாரம் பச்சைக் கதவு போட்ட ஒரு மாடி வீட்டைத் திறந்து காட்டியிருந்தார். "தனியா வாங்க, பொம்பளைங்க வந்தா நொட்டை சொல்லுவாங்க" என்றதால், சலூன்காரர் மனைவிக்கு அதைக் காட்டவில்லை.

சலூன்காரர் நுரை தடவி வலது கன்னத்தை வழித்து முடித்தார்.

"சாயங்காலமே அட்வான்ஸ் குடுத்துடுங்க தம்பி," என்றார் தரகர். "அந்தப் பச்சைக் கதவு வீடு அடுத்த மாசம் உங்க கைக்கு எட்டாது. விலை பிச்சிக்கிட்டுப் போகப்போகுது."

பக்கத்து நாற்காலியில் முகத்தில் சுடுதுண்டோடு படுத்திருந்த வாடிக்கையாளர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். துண்டை உருவினார்.

"பச்சைக் கதவு வீடு என்னோடதுதானே? அடுத்த மாசம் விலை விழுந்துடும், கெடச்ச விலைக்குத் தள்ளிவிடுங்கன்னு நேத்து என்கிட்ட சொன்னீங்க."

தரகர் இருமினார். சலூன்காரரின் கை நின்றது.

"அப்ப மூணு வருஷத்துக்கு முன்னால என்னைக் காத்திருக்கச் சொன்னது?"

"அன்னைக்கு உங்களுக்குக் காட்ட என்கிட்ட வீடு இல்ல. விட்டா வேற ஆள்கிட்ட போயிருப்பீங்க. தொழில்னா அப்படித்தான் தம்பி. சீக்கிரம் முடிங்க, பத்து மணிக்கு ஒரு பார்ட்டி வருது."

சலூன்காரருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கையில் கத்தி இருந்தது. அதை மடக்கி மேசையில் வைத்தார்.

"இந்தப் பக்கத்துக்கு இது சரியான நேரம் இல்லீங்க. காத்திருங்க."

"வெளையாடாதீங்க."

"மூணு வருஷம் போகட்டும்."

தரகர் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு கன்னம் பளபளவென்று, மறு கன்னத்தில் நுரையும் தாடியும். கழுத்துத் துணியை உருவி வீசிவிட்டு, வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே தெருவில் இறங்கினார். எதிர்க்கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"இப்ப வாங்கலாமாங்க?" என்று சலூன்காரர் ரயில் ஓட்டுநரைக் கேட்டார்.

"தெரியல தம்பி. விக்கலாமான்னே எனக்குத் தெரியல."

"சாவி வச்சிருக்கீங்களா?"

அவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

சலூன்காரர் மனைவிக்குப் போன் போட்டார். "பாத்திரத்த அப்படியே வச்சிட்டுக் கடைக்கு வா. ஒரு வீடு பாக்கணும். இந்தத் தடவ நீ சொல்லு."

அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"மூணு வருஷமாச்சு, நீங்க என்னை இதைக் கேக்க," என்றாள்.