உள்ளறைத் தடுப்பு

ஆற்றை ஒட்டிய கடை வரிசையில் மாவும் சீனியும் விற்கப் போகிறேன் என்று டோரிஸ் சொன்னபோது, சிகாமட்டில் யாருமே அதை நல்ல யோசனை என்று சொல்லவில்லை. பெர்மாஸ் ஜெயாவிலிருந்து தினமும் எல்லை தாண்டிச் சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போய்வந்து, பஸ்ஸிலேயே தூங்கி எழுந்த வாழ்க்கை அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. கணவன் ரேமண்ட் சிகாமட்டுக்காரன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். அவனுடைய ஊருக்கே வந்து கேக் சாமான் கடை போட்டார்கள். வாடகை ஏன் இவ்வளவு குறைவு என்று அவள் கேட்டதற்கு, "பஞ்சிர் வர்ற இடம்லா, வேற என்ன?" என்று ரேமண்ட் சிரித்தான்.

வெள்ளம் வரும் என்று தெரிந்தே எடுத்த கடை. அதனால் மழைக்காலத்துக்கு முன்பே வெல்டிங் வேலை செய்யும் அய்யாவுவை வரவழைத்தாள். வாசல் நிலையின் இரண்டு பக்கமும் இரும்புக் காடி வைத்து, அதில் அலுமினியப் பலகைகளை மேலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குகிற ஏற்பாடு. பலகைக்கும் நிலைக்கும் நடுவே ரப்பர் பட்டை.

"தண்ணி வெளிய இருந்து தள்ளத் தள்ள, பலகை ரப்பரோட போய் ஒட்டிக்கும்மா," என்றார் அய்யாவு. "அதனாலதான் ரப்பர் எப்பவும் உள்பக்கம்."

பின்வாசலுக்கும் அதேபோல் செய்துவிட்டு அவர் போனார். டோரிஸ் சாமான் அறையைக் கூட்டப் போனாள். கடையின் பின்பகுதியில் ஜன்னல் இல்லாத சின்ன அறை. கதவுக்கு மேலே மட்டும் காற்றுக்காக ஒரு கம்பி வலை. சீனி மூட்டைகளை அங்கேதான் அடுக்கியிருந்தாள். கூட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து கதவு நிலையைப் பார்த்தாள். அதிலும் காடி இருந்தது. இத்தனை நாளும் அதை ஏதோ பழைய சட்டம் என்று நினைத்திருந்தாள். பக்கத்துச் சுவரில் பலகைகளும் சாத்தியிருந்தன.

ரப்பர் கடைப்பக்கம் இருந்தது. பலகை இறங்க வேண்டியது அறைப்பக்கம்.

"ரேமண்ட், இங்க கொஞ்சம் வாங்களேன். யாரோ திருப்பிப் போட்டிருக்காங்க."

அவன் வந்து பார்த்தான். "தெரியாம போட்டிருப்பாங்க."

"ரப்பரைப் பாருங்க. அடியில பழைய பசை எத்தனை அடுக்கு இருக்கு. தேயத் தேய மாத்தியிருக்காங்க. தெரியாம போட்டவங்க இப்படியா பார்த்துக்குவாங்க?"

கடையில் தண்ணீர் ஏறினால் அந்தத் தடுப்பு எதற்கும் உதவாது. அறைக்குள் தண்ணீர் நின்று வெளியே தள்ளினால் மட்டுமே அது இறுகும். அந்த எண்ணம் வந்ததும் டோரிஸுக்கு அறையில் தனியாக நிற்கப் பிடிக்கவில்லை.

முன்பு அதே கடையில் விசேஷங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர் மதிவாணன். இப்போது காஹாங்கில் இருந்தார். அவருடைய எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தாள்.

"முன்பக்கம் வர்றது முட்டிக்குக் கீழதாம்மா. அதுக்குப் பயப்படாத," என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஸ்டோர்ல சாமான் ஏதும் வச்சிருக்கியா?"

"சீனி வச்சிருக்கேன்ணே."

"எடுத்துரு. மழை பிடிக்கிறதுக்குள்ள பலகையை இறக்கி, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுரு. சத்தம் கேட்டா ஏதாவது பாட்டை ஏத்தி வை. நான் அப்படித்தான் செஞ்சேன்."

"என்ன சத்தம்ணே?"

அவர் வைத்துவிட்டார். அப்புறம் அழைத்தால் எடுக்கவுமில்லை.

நவம்பரில் ஒரு நாள், வெளியே நல்ல வெயில் அடிக்கும்போது, அறைத் தரை நனைந்திருந்தது. லோங்காங் சாக்கடையின் நாற்றம் இல்லை. மூடியே கிடந்த கிணற்றைத் திறந்தால் வருமே, பாசியும் குளிருமாக, அந்த வாசனை. ஈரம் அறையின் நடுவில் தொடங்கி, ஓர் ஆள் அகலத்துக்குக் கோடாக வந்து, கதவருகே நின்றிருந்தது. துடைத்தாள். மறுநாளும் அதே இடத்தில் அதே கோடு. டோரிஸ் சீனி மூட்டைகளை முன்னால் இழுத்துப் போட்டாள். ரேமண்ட் பலகைகளை இறக்கினான். இருவருமாகக் கதவைச் சாத்தினார்கள்.

டிசம்பரில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஆறு ஏறுகிறது என்று கேள்விப்பட்டதும் காலையிலேயே கடைக்கு ஓடினார்கள். இரண்டு வாசலிலும் பலகைகளை இறக்கித் திருகாணிகளை முடுக்கினார்கள். சற்று நேரத்தில் தெருவில் தண்ணீர் தேத்தாரே டீயின் நிறத்தில் புரண்டு வந்தது. பலகையின் பாதி வரை ஏறியது. உள்ளே ஒரு சொட்டு வரவில்லை.

"அலமாக், அய்யாவு வேலைன்னா வேலைதான்!" என்று ரேமண்ட் கைதட்டினான்.

அப்போதுதான் உள்ளறைக் கதவு தட்டப்பட்டது.

வேகமாக அல்ல. கடை திறந்திருக்கிறதா என்று கேட்பதுபோல, மெதுவாக. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும்.

டோரிஸ் ஸ்டூலைப் போட்டு ஏறி, கம்பி வலை வழியாக உள்ளே டார்ச் அடித்தாள். அறை இடுப்புக்கு மேல் நிறைந்திருந்தது. வெள்ளத் தண்ணீர் இல்லை அது. தரை ஓடுகளின் பூ வேலை தெரியுமளவுக்குத் தெளிவாக இருந்தது. ஆள் யாரும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தட்டலுக்கும் கதவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு வளையம் கிளம்பி, அறை முழுக்க விரிந்து போனது.

"என்ன இருக்கு?" என்றான் ரேமண்ட்.

"தண்ணி மட்டும்தான்."

அவன் கைபேசியில் பாட்டு வைக்கப் போனான். அதற்குள் கதவை ஒட்டிய சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. ஒரு விரிசல் மேலிருந்து கீழே இறங்கியது. சுவர் கடைப்பக்கமாக லேசாகப் புடைத்துக்கொண்டு வந்தது.

"சுவரு விழுந்துரும். வா, பின்பக்கமா போயிருவோம்," என்றான்.

டோரிஸ் நகரவில்லை. "அடைச்சு வச்சா இடிச்சுக்கிட்டுதான் வரும். வழி கேக்குது, ரேமண்ட். வாசல் பலகையை எடுங்க."

"பைத்தியமா? வெளிய வெள்ளம்! மாவு எல்லாம் போயிரும்!"

"போகட்டும்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு வாசலுக்குப் போய்த் திருகாணிகளைக் கழற்றினான். தெருத் தண்ணீர் சீறிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. கீழ்த்தட்டு மாவுப் பைகள் ஊறின. சீனி மூட்டைகள் கரைந்து சரிந்தன. டோரிஸ் அந்தப் பழுப்புத் தண்ணீரில் நடந்து போய், கதவுக்கு ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டு தாழ்ப்பாளை இழுத்தாள்.

கதவு படீரென்று திறந்தது. தெளிந்த தண்ணீர் பலகைக்கு மேலாக வழிந்து கொட்டியது. ஜெபமாலையின் வார்த்தைகளை முணுமுணுத்தபடியே பலகைகளை ஒவ்வொன்றாக உருவினாள். கடைசிப் பலகை வந்ததும், முழங்காலுக்குக் கீழே ஐஸ் மாதிரி ஒரு குளிர் கடந்து போனது. அதோடு ஏதோ உரசியது. நனைந்து கனத்த சேலைத் தலைப்பு காலில் படுவதுபோல் இருந்தது.

பழுப்பு வெள்ளத்துக்கு நடுவே அந்தத் தெளிந்த தண்ணீர் கலக்காமல், ஒற்றையடிப் பாதைபோல வாசலைத் தாண்டியது. தெருவில் எதிர் ஓட்டத்தையும் பொருட்படுத்தாமல் ஆற்றுப் பக்கமாகவே போனது. ரேமண்ட் வாசல் நிலையைப் பிடித்தபடி அதற்கு வழிவிட்டு நின்றான்.

வெள்ளம் வடிந்து கடையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, எதிர்க் கடையின் மாடியில் குடியிருக்கும் பேச்சியம்மாள் வந்தார்.

"ஏன் டோரிஸ், உனக்கு மனசு எப்படி வந்துச்சு? அவ்வளவு வெள்ளத்துல அந்தப் பொம்பளைய ஒத்தையா நடக்க விட்டுட்டீங்களே. நான் மேல இருந்து கூப்பிட்டேன், திரும்பிக்கூட பார்க்கல."

டோரிஸ் கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். "எந்தப் பொம்பள, அக்கா?"

"உன் கடையில இருந்துதானே வெளிய வந்தா? ரேமண்ட் தம்பி வாசல்ல ஒதுங்கி வழிவிட்டுச்சே!"

ரேமண்ட் வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டான்.

பிறகு தரையை உடைத்துப் பார்த்தார்கள். ஓடுகளுக்கு அடியில் செங்கல் வட்டம் ஒன்று இருந்தது, கடைக்கு முந்திய காலத்துக் கிணறு. வாய் வரை மணல் நிரப்பியிருந்தது. கடப்பாரை இறங்காதபடி கெட்டித்துப் போன காய்ந்த மணல். எவ்வளவு தோண்டியும் விரலில் ஒட்டுமளவு ஈரம்கூட இல்லை. அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று வேலைக்காரர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

மதிவாணனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள், அறையைத் திறந்துவிட்டேன் என்று மட்டும். இந்த முறை அவரே அழைத்தார்.

"போயிட்டாங்களா?" என்று கேட்டார்.

"போயிட்டாங்க."

மறுமுனையில் அவர் மூச்சை இழுத்து விடுவது கேட்டது.

டோரிஸ் கடனுக்குச் சாமான் வாங்கி மறுபடியும் கடையைத் திறந்தாள். தட்டுகளை எல்லாம் உயர்த்திக் கட்டினாள். மறு வருடமும் மழை வந்தது, முன்வாசல் பலகைகள் தாங்கின, உள்ளறை காய்ந்தே கிடந்தது. அதன் கதவையும் காடியையும் அய்யாவு முன்பே கழற்றிக்கொண்டு போய்விட்டார். அங்கே வெறும் நிலைதான் இப்போது. ரேமண்ட் மட்டும் அந்த வழியாக நேராக நுழைவதில்லை. எதையாவது எடுக்கப் போனால், உள்ளேயிருந்து யாரோ வரக் காத்திருப்பவன்போல ஒரு நொடி ஒதுங்கி நின்றுவிட்டுத்தான் போவான்.