வெள்ளிமானுக்குத் தடா

அப்துல் மஜீது கோபம் வந்தால் கத்தமாட்டார், சரக்கை மாற்றிவிடுவார். சிங்கப்பூர் தேக்கா அங்காடியில் முப்பது வருடமாக அவர் இழுத்து ஆற்றும் தேநீருக்கு வெள்ளிமான் மார்க் டின் பால்தான். அந்தக் கம்பெனி முதலாளி போன மாதம் ஃபேஸ்புக்கில் வாயைவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வெளிநாட்டு ஊழியர்கள் தேக்காவில் கண்ட இடத்தில் உட்கார்ந்து கிடக்கிறார்களாம், பார்க்கச் சகிக்கவில்லையாம். மறுநாளே கடையில் வெள்ளிமானுக்குத் தடா.

"ஒரு டீக்கடை வாங்காட்டி அந்த ஆளுக்குத் தூக்கம் போயிடுமாக்கும்," என்றாள் மனைவி கதீஜா.

"எனக்குத் தூக்கம் வரும்ல, அது போதும் லா."

தூக்கம் வந்தது. தேநீர்தான் வரவில்லை. புதுப் பால் வெறும் தண்ணி. நுரைக்காகக் கையை இன்னும் உயரத் தூக்கி நாலு தடவை கூடுதலாக ஆற்றினார். நுரை வந்தபோது சூடு போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் கட்டுமானத்திலும் கிடங்கிலும் உழைக்கிறவர்கள். ஒரு வாய் குடித்துவிட்டு மரியாதைக்குச் சிரித்தார்கள். மூன்றாவது வாரம் எல்லோரும் எதிர்க் கடையில். அங்கே வெள்ளிமான்.

மஜீது எதிர்க் கடையையே பார்த்தார். யாருக்காக இந்தப் பாடு! காரணத்தைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்த ஆள் பேசியதை இவர்கள் முகத்துக்கு நேரே எப்படித் திருப்பிச் சொல்வது?

அன்று அகிலன் மட்டும் வந்தான். அறந்தாங்கிக்காரன், ஆறு வருடப் பழக்கம்.

"பாய், டீக்கு என்னதான் ஆச்சு? பாய்க்கு வயசாயிடுச்சுங்கிறானுங்க பசங்க."

வயசா! மஜீதுக்குச் சுருக்கென்றது. முதலாளி பேசியது உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அகிலன் விழுந்து விழுந்து சிரித்தான். "நான் வேலை பாக்குறதே வெள்ளிமான் கிடங்குலதான் பாய். அந்த டின்னு பெட்டிய லாரியில ஏத்துறது நானு."

மஜீதின் முகம் செத்துப்போனது. "அப்ப உன் பொழப்புலயா தம்பி மண்ணள்ளிப் போட்டேன்?"

"அட, நாலு பெட்டி கொறஞ்சா எனக்கு முதுகு வலி கொறையும்." சிரிப்பு மெல்ல அடங்கியது. "அந்தப் பேச்சு எங்களுக்குத் தெரியும் பாய். அன்னைக்கே எல்லார் ஃபோன்லயும் ஓடிருச்சு. எங்களுக்காக ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலன்னுதான் நெனச்சிட்டிருந்தோம்."

ஃபோனை எடுத்து யாருக்கோ ரெண்டு வார்த்தை சொன்னான். பத்து நிமிடத்தில் எதிர்க் கடைக் கூட்டம் மொத்தமும் இங்கே. உட்கார இடம் பற்றவில்லை. அகிலன் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தான்.

"சகிக்கல பாய். இன்னொண்ணு போடுங்க, நல்லா உக்காந்து குடிக்கணும்."

மஜீது உள்ளே போய்த் தன் முக்காலியையும் தூக்கிவந்து வெளியே போட்டார். அன்று முழுக்க நின்றபடியே ஆற்றினார்.