கிழக்குப் பார்த்த பதினாலாம் நம்பர்

டெக்சாஸில் வீடு வாங்குவதற்கு முன் வாஞ்சிநாதன் கேட்காத ஆளில்லை. வாஸ்துவுக்கு மாம்பலத்து ஜோசியரை வாட்ஸ்அப்பில் பிடித்தான். ஸ்கூல் ரேட்டிங்கை ஆபீஸ் நண்பர்களிடம் விசாரித்தான். தண்ணீர் உப்பா என்று வீடு வாங்கித்தரும் ரியல்டரைக் குடைந்தெடுத்தான். கடைசியில் டாலஸுக்கு வடக்கே, போன வருடம்வரை மாடு மேய்ந்த புல்வெளியில், புதிதாகப் போட்ட ஒரு தெருவில் பதினாலாம் நம்பர் மனை, அந்த ஊர்ப் பேச்சில் லாட், அமைந்தது. கிழக்குப் பார்த்த வாசல். பின்பக்கம் யார் வீடும் வராது என்று விற்பனைப் பெண் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள். அதற்குத் தனி விலை. கொடுத்துவிட்டு வாயெல்லாம் பல்லாக வந்தான்.

பக்கத்து ஊரில் ஒரு கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. மேற்குக் கரையோரத்து சான் ரமோனில் பதினெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவனை அவன் நிறுவனம் அங்கே மாற்றியது. “நான் முன்னாடி போறேன், நீங்க பின்னாடி வாங்க” என்று மனைவி ப்ரியம்வதாவிடமும், பதினோராம் வகுப்புப் படிக்கும் மகள் மானஸாவிடமும் சொல்லிவிட்டுக் கிளம்பினான். ஆறு மாதம் ஓடிவிட்டது. பின்னாடி யாரும் வரவில்லை.

சாவி வாங்கிய அன்றுதான் பின்வேலிக்கு அப்பால் எட்டிப் பார்த்தான். ஒரு பெரிய ஓக் மரம், துருப்பிடித்த கம்பி வேலி, அதற்குள் ஏழெட்டுக் கல்லறைகள். ரயில் பாதை வந்த காலத்தில் நிலம் தேடி வந்த ஏதோ ஒரு குடும்பத்தின் இடுகாடு. சட்டப்படி யாரும் அதை அசைக்க முடியாதாம். அதனால்தான் பின்பக்கம் வீடு வராது. அந்தப் பெண் பொய்யே சொல்லவில்லை. இந்த மகானுபாவன்தான் வரைபடத்தில் பச்சையைப் பார்த்ததும் பூங்கா என்று முடிவு கட்டிவிட்டான்.

ப்ரியம்வதாவுக்குத் தெரிந்தால் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாள். வீடியோ காலில் சமையலறையைக் காட்டினான், மாடியைக் காட்டினான், கராஜில் மூலைமுடுக்கெல்லாம் காட்டினான். பின்ஜன்னல் பக்கம் மட்டும் போன் திரும்பவே இல்லை.

தெருவில் குடியேறிய ஒரே ஆள் அவன்தான். மற்ற லாட்டுகளில் ஆரஞ்சு ரிப்பன் கட்டிய குச்சிகள் மட்டும் நின்றன. வாரம் ஒருமுறை வரும் குப்பை வண்டிக்காகத் தொட்டியை வெளியே வைக்கும்போது ‘இன்னிக்கு வியாழனா?’ என்று கேட்கக்கூட ஒரு ஜீவன் கிடையாது. தொழிற்சாலையிலிருந்து வந்ததும் டிவியைப் போட்டுவிடுவான், பார்ப்பதற்கு அல்ல, சத்தத்துக்கு.

பால் காய்ச்ச இரண்டு முறை நாள் பார்த்தான். முதல் தடவை மானஸாவுக்குப் பரீட்சை. இரண்டாம் தடவை ப்ரியம்வதாவுக்கு ஆபீஸ் வேலை. மூன்றாவது நாளுக்கு முந்தின சாயங்காலம், தன் பெயரும் ப்ரியம்வதா பெயரும் போட்ட பெயர்ப்பலகையை வாசலில் மாட்டிக்கொண்டிருந்தபோது மெசேஜ் வந்தது: வீடியோவில் பார்க்கிறோம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்துவைத்துப் பால் காய்ச்சினான். பால் ஜோராகக் கிழக்குப் பக்கமே பொங்கியது. “கங்ராட்ஸ்ப்பா! ஐ ஹேவ் பிராக்டிஸ்” என்று மானஸா திரையிலிருந்து நழுவினாள். இனிமேல் தாங்காது என்று வாஞ்சிநாதன் போட்டு உடைத்தான்.

“ப்ரியா, ஒண்ணு மறைச்சுட்டேன். பின்னாடி ஒரு செமெட்ரி இருக்கு. இந்த வீட்டை ரீசேல் பண்ணிடறேன், வேற பாக்கலாம். நீங்க வந்தா போதும்.”

“தெரியும்.”

“எப்படி?”

“நீ அட்ரஸ் அனுப்பின அன்னிக்கே மேப்ஸ்ல பாத்தேன். அவங்க பாட்டுக்கு இருக்காங்க, நமக்கென்ன?”

“அப்புறம் ஏன் வரல?”

ப்ரியம்வதா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். “ஜோசியரைக் கேட்ட. ரியல்டரைக் கேட்ட. தண்ணி உப்பான்னுகூடக் கேட்ட. ‘ப்ரியா, நீ வரியா’ன்னு ஒரு தடவை கேட்டியா வாஞ்சி? என் வேலை, என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இங்க இருக்கு. நான் வரல. கேப்ப, சொல்லலாம்னு வெயிட் பண்ணிட்டே இருந்தேன்.”

“இப்ப கேக்கறேன்.”

“பால் காய்ச்சியாச்சேப்பா” என்றாள். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

போன் அணைந்த பிறகு பால் டம்ளரோடு பின்கதவைத் திறந்து, முதல் முறையாக அந்தக் கம்பி வேலிக்குள் போனான். ஓக் மரத்தடியில் இருவருக்குமாக ஒரே அகலக் கல். இடது பாதியில் ஒரு ஆண் பெயர், பிறந்த வருடம், 1889 என்று இறந்த வருடம். வலது பாதியில் அவன் மனைவியின் பெயர், பிறந்த வருடம், ஒரு சின்னக் கோடு. அதற்குப் பிறகு வெறும் கல்.

மற்ற கற்களையெல்லாம் குனிந்து தேடினான். அவள் பெயர் வேறெங்கும் இல்லை. வந்துவிட்டுத் திரும்பிப் போனாளோ, வரவே இல்லையோ!

“நீயும் கேக்கவே இல்லையாப்பா?” என்றான் கல்லைப் பார்த்து.

அந்தத் தெருவுக்கு வந்த ஆறு மாதத்தில் அவன் ஒருவரிடம் நேருக்கு நேர் தமிழில் பேசியது அதுதான் முதல் தடவை.