ஸெய்னுதீன் நானா மௌத்தான காலை

சனிக்கிழமை காலை ஏழேகாலுக்கு ஸெய்னுதீன் நானா மௌத்தாகிவிட்டார் என்று ‘திருமலை மின்னல்’ பேஸ்புக் பக்கம் மரண அறிவித்தல் போட்டது. அந்த நேரம் அவர் லிங்கநகரில் என் ஓட்டோவின் பின்சீட்டில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்.

உண்மையில் மௌத்தானவர் மூதூரில் வேறொரு ஸெய்னுதீன். பக்கத்தை நடத்தும் நஸ்ரி அந்தப் பெயரைத் தேடி, முதலில் வந்த படத்தை எடுத்து ஒட்டிவிட்டான். படத்தில் எங்கள் நானா புரியாணிச் சட்டிக்குப் பக்கத்தில் அகப்பையோடு நிற்கிறார். கல்யாணச் சமையல்தான் அவருக்குத் தொழில். மறுநாள் கிண்ணியாவில் கலீலுர் றஹ்மான் வீட்டுக் கல்யாணத்துக்கு நானூறு பேருக்கு ஆக்க வேண்டும். நாலு மாதத்துக்குப் பிறகு கிடைத்த பெரிய சமையல்.

எட்டு மணிக்கு விறகுக்காரர் எனக்குப் போனில் கோல் எடுத்து, எத்தனை மணிக்கு அடக்கம் என்று கேட்டார். கலீலுர் றஹ்மான் குச்சவெளிச் சமையல்காரரைப் பிடிக்கப்போகிறாராம் என்றும் சொன்னார். ஓட்டோவை நேரே நஸ்ரியின் போன் கடைக்கு விட்டேன்.

நஸ்ரிக்கு முப்பத்தைந்து வயது. மௌத்தானவர் கடைக்குள் வந்து நின்றும் அவன் போனில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

“நஸ்ரி, இதை இப்பவே அழி. நாளைக்கு எனக்குச் சமையல் இருக்கு.”

“அழிக்க ஏலாது நானா. எண்ணூறு பேர் ஷெயார் பண்ணியிருக்காங்க. அதோட, நீங்களே உறுதிப்படுத்தியிருக்கிறீங்களே.”

போனைத் திருப்பிக் காட்டினான். எங்கள் ஊரில் ஜனாஸா அறிவித்தல் கண்டால் பெயரும் பார்க்காமல் முகமும் பார்க்காமல் ‘இன்னாலில்லாஹி’ என்று இரங்கல் போட்டுவிட்டுத்தான் அடுத்ததைப் பார்ப்பார்கள். நானாவும் அப்படித்தான். ஏழு பத்தொன்பதுக்கு, தன் படத்துக்குக் கீழேயே, தனக்காகப் போட்டிருந்தார். அதற்கு நாற்பத்தாறு லைக்.

எனக்குக் கோபம் வந்தது. பேப்பரிலும் முந்திப் பிழை வந்ததுதான். ஆனால் மறுநாள் ஒரு மூலையில் ‘வருந்துகிறோம்’ என்றாவது போட்டார்கள். விசாரித்துப் போட்டால் என்ன என்று கேட்டேன். விசாரிக்கும் நேரத்தில் மற்றப் பக்கக்காரன் முந்திவிடுவான் என்றான் நஸ்ரி. பிறகு பெரிய உதவி செய்வதுபோல் நானாவை வீடியோ எடுத்து, ‘மௌத்தானவர் கடைக்குள் நுழைந்த காட்சி, கடைசி வரை பாருங்கள்’ என்று போட்டான். அதைப் பார்த்தவர்கள், இது பழைய வீடியோ, மௌத்தான மனுசனின் மையித்தை வைத்துப் பிழைக்கிறீர்களா என்று ஏசினார்கள்.

இனி ஆளையே கொண்டுபோய்க் காட்டுவதுதான் வழி. ஓட்டோவைக் கிண்ணியாவுக்கு விட்டேன்.

பந்தலுக்குக் கீழே நின்ற கலீலுர் றஹ்மான் நானாவைக் கண்டதும் இரண்டடி பின்னுக்குப் போனார். பிறகு கையைப் பிடித்துக்கொண்டார். உயிரோடு கண்டது சந்தோசம் என்றும், ஆனால் குச்சவெளிக்காரருக்குச் சொல்லியாயிற்று, இனி எந்த முகத்தோடு அவரை வேண்டாம் என்பது என்றும் இழுத்தார்.

“எனக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாமே?” என்றார் நானா.

“மௌத்தான ஆளுக்கு எப்பிடி நானா கோல் எடுக்கிற?”

நானா ஓட்டோப் பக்கம் திரும்பினார். அப்போது கலீலுர் றஹ்மானின் மனைவி றஹ்மா குசினியில் இருந்து வந்தார்.

“நில்லுங்க நானா. குச்சவெளிக்குச் சொல்லச் சொல்லி இவர் என்னட்டதான் சொன்னவர். அதுக்கு முந்தி, ஆறுதல் சொல்லுவம் எண்டு உங்கட பொஞ்சாதி நபீஸாக்கு கோல் எடுத்தன். கோழிக்கூட்டைத் திறக்காமப் போயிட்டீங்க எண்டு அவ ஏசுறா. மௌத்தான மனுசனை ஆரும் அப்பிடி ஏசுவாங்களா? நான் குச்சவெளிக்குச் சொல்லவே இல்ல.”

கலீலுர் றஹ்மான் மெதுவாகப் போனை எடுத்து, தான் ஷெயார் பண்ணியதை அழிக்கத் தொடங்கினார். நானா அதைப் பார்க்க நிற்கவில்லை. பின்வளவுக்குப் போய் விறகைத் தொட்டுப் பார்த்தவர், இந்த ஈர விறகில் நானூறு பேருக்கு எப்படிச் சோறாக்குவது என்று சத்தம் போடத் தொடங்கினார்.