தும்பியைக் கண்ட இரண்டாவது ஆள்

எங்கள் குடும்பத்தில் யாரும் பொய் சொன்னதில்லை. அப்படியிருக்க, என் தங்கை மகள் மிதுனா கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டுக்கே வந்து, என் தேநீரைக் குடித்துக்கொண்டே, என் சொல்லுக்கு நூற்றுக்கு முப்பது போட்டிருப்பதாகச் சொன்னாள்.

அவள் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். ஓர் உயிரினம் அழிந்துவிட்டதா, எங்கேனும் மிஞ்சியிருக்கிறதா என்று நிகழ்தகவைக் கொண்டு கணிப்பது அவளுடைய ஆராய்ச்சி. முகத்துவாரத்தில், களனி ஆற்றங்கரையில், ஒருவகைத் தும்பியைத் தொண்ணூற்றோராம் ஆண்டில் கடைசியாகக் கண்டவன் நான். ஓர் இயற்கைச் சங்கத்தின் இதழில் அதை எழுதியும் இருந்தேன்.

"கோபிக்காதேங்கோ மாமா. தனி ஆள் கண்டதெண்டால் ஆருக்கும் முப்பதுதான். என்ர அம்மா கண்டாலும் முப்பதுதான்."

"அப்ப முடிவென்ன?"

"அது அழிஞ்சிருக்கத் தொண்ணூற்றிமூண்டு வீதம் சாத்தியம். தொண்ணூறைத் தாண்டினால் அழிஞ்ச பட்டியலில போட்டிடுவினம். பிறகு ஒருத்தரும் தேடப் போகாயினம்."

"ரெண்டு பேர் கண்டிருந்தால்?"

"உங்கட பதிவுக்கு எண்பது போடலாம். அழிஞ்சிருக்கிற சாத்தியம் அறுபதுக்குக் கீழ இறங்கும். ஆனா நீங்கள் தனியத்தானே போனனீங்கள்?"

தனியாகப் போகவில்லை. தும்பியை முதலில் கண்டதே என் தம்பி சுந்தரலிங்கம்தான். கட்டுரை அச்சுக்குப் போகுமுன் அவன் நஸீறா என்ற முஸ்லிம் பெண்ணைக் கலியாணம் செய்தான். குடும்ப மானத்துக்காக அவன் பெயரை நானே வெட்டினேன். அவர்கள் இருக்கும் கொட்டாஞ்சேனைப் பக்கம் அதன் பிறகு நான் போனதில்லை.

"சுந்தரமும் என்னோட நிண்டவன்" என்றேன்.

மிதுனா கோப்பையை வைத்தாள். "சின்ன மாமாவோ? அப்ப அவரும் கையெழுத்து வைக்கவேணும்."

"அவன்ர நம்பர் இருக்கோ?"

இருந்தது. வீட்டில் என்னைத் தவிர எல்லோரிடமும் இருந்ததாம்.

நானே பேசினேன். விஷயத்தைச் சொன்னேன். பெயரை வெட்டியதையும் சொன்னேன்.

"தெரியும் அண்ணை, அந்த இதழை வாசிச்சனான்" என்றான் தம்பி. "வால் சிவப்பெண்டு வேற எழுதியிருந்தீங்கள். அது செம்மஞ்சள். அண்டைக்கே சொன்னனான்."

"உனக்கு அப்பவும் கண் சரியில்லை."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு மாறவேயில்லை. கையெழுத்து வைக்கவும் சம்மதித்தான்.

மிதுனா தன் மடிக்கணினியில் கணக்கை மாற்றிப் போட்டு என் பக்கம் திருப்பினாள். ஐம்பத்தெட்டு. தும்பி இல்லாமல்போயிருக்கவே இன்னும் சாத்தியம் கூட. ஆனாலும் நான் கதிரையில் முதுகைச் சாய்த்தேன். அப்படிச் சாய்ந்து எத்தனை வருடம்!

"அண்ணை, லைனில நிக்கிறீங்களோ?" தொலைபேசியில் தம்பி. "தேடப் போறதெண்டால் ஞாயிறு விடிய இங்க வாங்கோ. நஸீறா இடியப்பம் அவிப்பா. வெள்ளை வேட்டியோட மட்டும் வந்திடாதேங்கோ, ஆத்தங்கரை முழுக்கச் சேறு."