ஆனைவிழுந்தான் குளம் எந்த ஊரில் இருக்கிறது

புங்கமூலையில் இருந்த ஆனைவிழுந்தான் குளம் ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் பொழுது விடிவதற்குள் மருதஞ்சேரிக்குப் போய்விட்டது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், இங்கே ஆடி பிறக்கும் முன்பே குளம் பறந்துவிட்டது. வெறுங்கையோடும் போகவில்லை. அல்லிக்கொடி, விரால், கெண்டை, கழுத்தளவுத் தண்ணீரில் கிடந்த துரைராசுவின் இரண்டு எருமைகள், படித்துறையில் யாரோ மறந்துவிட்டுப் போன சோப்பு டப்பா எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டுதான் போனது. அது இருந்த இடத்தில் கோரை முளைத்த மேடு ஒன்று, பிறந்ததிலிருந்து அங்கேயே கிடப்பது போலக் கிடந்தது. துரைராசு மினி பஸ் பிடித்து மருதஞ்சேரிக்குப் போய் எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். குளத்தை எப்படி ஓட்டிவருவதென்று அவருக்குத் தெரியவில்லை.

காரணம் தெரிந்தவள் ஊரில் ஒருத்திதான், மோகனப்பிரியா. கீழ்வேளூரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். மற்ற நேரத்தில் இணையத்துக் கலைக்களஞ்சியத்தில் எழுதுவாள். அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எழுதுகிற சங்கதி எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று சான்று மட்டும் காட்ட வேண்டும். புங்கமூலைக்கு அதில் ஒரு பக்கம் எழுதி வைத்தவள் அவள்தான். அன்று காலையில் திறந்து பார்த்தால், குளம் மருதஞ்சேரியில் இருப்பதாக வெற்றிசெல்வன் என்று ஒரு ஆள் மாற்றி எழுதியிருந்தான். அடியில் சான்றும் கொடுத்திருந்தான், வெள்ளைக்காரன் காலத்து நிலவரிக் கையேடு ஒன்று, பக்க எண்ணோடு. அவளுக்கு வந்ததே கோபம்! பழைய கல்வெட்டுத் தொகுப்பு ஒன்றிலிருந்து தன் சான்றை எடுத்துப் போட்டு, அவன் எழுதியதைத் திருப்பினாள். கையிலிருந்த டீ ஆறுவதற்குள், லாரியில் மணல் கொட்டுகிற சத்தத்தோடு குளம் திரும்பி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு குளத்துக்கு ஓய்வே இல்லை. அவன் மாற்றுவான், அது போகும். இவள் திருப்புவாள், அது வரும். நண்டுகள் கூடவே அலைவதை விட்டுவிட்டு, சாவகாசமாக நடந்து வரப் பழகிக்கொண்டன. கொக்குகள் இரண்டு ஊருக்கும் நடுவில் மின்கம்பத்தில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் போகிறது பார்க்கலாம் என்று காத்திருந்தன. மினி பஸ்ஸில் ஏறும்போதே கண்டக்டரிடம், "குளம் இன்னைக்கு எங்கண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள். கலைக்களஞ்சியத்தின் உரையாடல் பக்கத்திலோ அவனும் இவளும் எழுதிக்கொண்டதைக் குழாயடியில்கூடக் கேட்க முடியாது. நான் தினம் பார்க்கிற குளம், என் கண்ணே சான்று என்று ஒரு தடவை அவள் எழுதினாள். கண்ணுக்குப் பக்க எண் உண்டா என்று அவன் கேட்டான்.

வெட்டி வீம்பு என்று நினைத்துவிடக் கூடாது. அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் விட்டும் கடைமடைக்கு வந்து சேரவில்லை. கடல் பக்கம் என்பதால் போர் போட்டால் உப்புதான் ஏறும். குறுவை நாற்றங்காலுக்கு அந்தக் குளத்தை விட்டால் நாதியில்லை. மோகனப்பிரியாவின் அம்மா ராசம்மாள் ஆயுசெல்லாம் ஊரார் வயலில் நட்டவள். போன தையில்தான் தாயும் மகளும் சொந்தமாக இரண்டு மா நிலம் வாங்கினார்கள். விட்டது முதல் விதை. நாற்று கருகினால் மறுபடி விட விதையும் இல்லை, பருவமும் இல்லை. முதல் வெள்ளாமையே இல்லாமல் நிலம் தரிசாகக் கிடக்கும்.

கடைசியில் ஷமீரா வந்தாள். மயிலாடுதுறையில் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, கலைக்களஞ்சியத்தின் நிர்வாகிகளில் ஒருத்தியாக இருந்து சண்டைகளைத் தீர்த்து வைக்கிறவள். யாரும் மாற்ற முடியாதபடி பக்கத்தைப் பூட்டினாள். பூட்டிய நேரத்தில் குளம் புங்கமூலையில் இருந்தது. பூட்டும்போது யார் பக்கம் இல்லையோ அவர்களுக்கு அது அநியாயம், என்ன செய்வது, எல்லாப் பூட்டும் அப்படித்தான். ராசம்மாள் பாயசம் வைத்துத் தெருவுக்கே கொடுத்தாள். ஷமீரா இரண்டு சான்றையும் படித்துவிட்டு, இரண்டும் நல்ல சான்றுதான், இன்ன நூல் இந்த ஊர் என்கிறது, இன்ன நூல் அந்த ஊர் என்கிறது என்று இரண்டையும் எழுதிவிடலாம், ஆனால் இருவரும் சம்மதிக்க வேண்டும் என்றாள். வெற்றிசெல்வன் உடனே சம்மதித்தான். மோகனப்பிரியா சம்மதம் எழுதாமல் இழுத்தடித்தாள்.

"ரெண்டு ஊரையும் எழுதினா குளம் ரெண்டாப் பொளந்துரும்டி. ஆளுக்கு ஒரு எருமைக்குட்டைதான் மிஞ்சும்," என்றாள் ராசம்மாள். "நம்ம நாத்துக்கும் பத்தாது, அவன் நாத்துக்கும் பத்தாது. தனக்கு மிஞ்சித்தான் தானம்னு சும்மாவா சொன்னாங்க?"

அந்த வாரம் உரையாடல் பக்கத்தில் வெற்றிசெல்வன் ஏச்சுப் பேச்சு எதுவும் இல்லாமல் ஒரே வரி எழுதியிருந்தான்: "நாத்து பழுக்குதுங்க." மோகனப்பிரியா அதைப் பார்க்காத மாதிரி இருந்து பார்த்தாள், முடியவில்லை. அவன் காட்டிய கையேடு பொய்யாக இருந்தால் நிம்மதியாகப் போய்விடும் என்று தோன்றியது. மறுநாளே வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மருதஞ்சேரிக்குப் போனாள்.

வெற்றிசெல்வன் அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். இத்தனை நாள் அவள் மனசில் மீசை முறுக்கிக்கொண்டிருந்த ஆள், நேரில் கண்ணாடி போட்ட ஒல்லிப் பையனாக இருந்தான். அவள் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டான். "உக்காருங்க," என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டு, கையேட்டை எடுத்து நீட்டினான். மாரியாத்தா, இந்தப் பக்கத்தில் அந்த வரி இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே புரட்டினாள். வரி இருந்தது. எழுத்துப் பிசகாமல், அவன் சொன்ன பக்கத்திலேயே இருந்தது. ஒருவேளை அவளுடைய கல்வெட்டை அவனும் இப்படித்தான் வேண்டிக்கொண்டு புரட்டியிருப்பான்.

கடைக்குப் பின்னால் அவர்களுடைய நாற்றங்கால். அவன் அம்மா அம்சம், குடிக்கப் பிடித்து வைத்த குடத்துத் தண்ணீரைக் கையால் அள்ளி நாற்றின் மேல் தெளித்துக்கொண்டிருந்தாள். தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. "வாம்மா. எந்த ஊரு நீ?" என்றாள்.

"புங்கமூலைங்க."

"அட, குளம் இருக்கிற ஊரு! கொடுத்து வச்சவ," என்று சிரித்துவிட்டு அம்சம் மறுபடி குனிந்து தெளித்தாள். அவள் திட்டியிருந்தால் மோகனப்பிரியாவும் பதிலுக்குத் திட்டிவிட்டு வந்திருப்பாள். திட்டாமல் போனதுதான் கெடுதலாகப் போயிற்று. பஸ்ஸில் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள்.

"எழுதப் போறேம்மா," என்றாள் வீட்டுக்குள் நுழையும்போதே. "அவன் சான்று நெசம். நெசத்தை மறைச்சு நம்ம நாத்தைக் காப்பாத்தினா அந்தச் சோறு இறங்குமா?" ராசம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள், பெற்ற வயிற்றைத் திட்டினாள், நீயெல்லாம் நெல்லு வெளஞ்ச ஊரில் பிறந்தவளா என்று கேட்டாள். மகள் அசையவில்லை. பிறகு ராசம்மாளே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சரி, கொஞ்சம் பொறுத்து எழுது. பொளக்கிறதுக்குள்ள முடிஞ்ச மட்டும் இறைச்சுக்கறேன்," என்று ஆயில் இன்ஜினை ஓடவிடப் போனாள்.

மோகனப்பிரியா சம்மதம் எழுதினாள். ஷமீரா பூட்டைத் திறந்தாள். கல்வெட்டுத் தொகுப்பின்படி புங்கமூலையிலும், நிலவரிக் கையேட்டின்படி மருதஞ்சேரியிலும் ஆனைவிழுந்தான் குளம் உள்ளது என்று எழுதி, இரண்டு சான்றையும் சேர்த்து, மோகனப்பிரியா கண்ணை மூடிக்கொண்டு சேமித்தாள். மணல் கொட்டுகிற சத்தம் வரவில்லை. கொல்லை வழியாக ஓடிப்போய்ப் பார்த்தாள். குளம் முழுசாகக் கிடந்தது. படித்துறையில் ராசம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இன்னும் போகலையேடி," என்றாள்.

அந்தச் சமயம் வெற்றிசெல்வன் போன் பண்ணினான். "வந்துருச்சுங்க! முழுக் குளமும் வந்துருச்சு!" என்று கத்தினான். கொஞ்சம் நிறுத்தி, "ஆனா எதிர்க்கரையில யாரோ ஒரு அம்மா இடுப்புல கைய வச்சுக்கிட்டு நிக்கிறாங்க. உங்க அம்மாவா?" என்றான்.

அன்றிலிருந்து அந்தக் குளம் இரண்டு ஊரிலும் இருக்கிறது. இந்தக் கரையில் முங்குகிற வாத்து அந்தக் கரையில் எழுந்து முட்டையிட்டுவிட்டு வருகிறது, முட்டை யாருக்கு என்பதில் மட்டும் அவ்வப்போது பேச்சு முற்றும். வெளியூர் ஆள் ஒருவர் இது எப்படிச் சாத்தியம் என்று உரையாடல் பக்கத்தில் கேட்டார். எப்படி என்று கேட்க இங்கே இடமில்லை, சான்று சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று ஷமீரா பதில் எழுதினாள். அவர் பார்த்தார், சரியாக இருந்தது, போய்விட்டார்.

இரண்டு நாற்றும் தேறின. புங்கமூலையில் நடவன்று ஆள் கிடைக்கவில்லை. ராசம்மாள் தன் வரப்பில் தவித்துக்கொண்டு நின்றபோது, அம்சம் நாலைந்து பெண்களோடு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளத்தில் இறங்கி இந்தப் பக்கம் கரையேறினாள். ராசம்மாளும் பழக்க தோஷத்தில் அவர்களோடு வரிசையில் போய் நின்று, யார் சொல்வார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன நிலத்துக்காரம்மா, எங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள் அம்சம். "எந்த மூலையிலேருந்து ஆரம்பிக்கணும், சொல்லுங்க."

அந்த வார்த்தை தன்னைத்தான் என்று புரிய ராசம்மாளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சேற்றுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஈசானிய மூலையைக் காட்டினாள். மறுநாள் அம்சத்தின் வயலில் நடவு. ராசம்மாள் வெற்றிலையை முடிந்துகொண்டு குளத்தில் இறங்கி மருதஞ்சேரிக்குப் போனாள். தண்ணீர் இடுப்பளவுதான்.